ம்லாம்போ சாவடியின் காத்திருப்போர் பெஞ்சு

ம்லாம்போ எல்லைச் சாவடியின் வாசலில் ஒரு வரவேற்புப் பலகை இருக்கிறது. எங்கள் நாடு தன் ஐம்பதாவது சுதந்திர ஆண்டில் பெயரை மாற்றிக்கொண்டபோது, பழைய பெயரின் மேல் வெள்ளையடித்துப் புதுப் பெயரை எழுதினார்கள். வெள்ளையடித்தவன் தண்ணீரைத் தாராளமாகக் கலந்துவிட்டான். இரண்டு மழைக்காலம் போனதும் அடியிலிருந்த பழைய பெயர் மெல்ல எட்டிப் பார்த்தது. இப்போது இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாகத் தெரிகின்றன, எதையும் முழுதாகப் படிக்க முடியாது. அதை மறுபடி எழுத ஒரு குழு அமைத்திருப்பதாகச் சொல்கிறார்கள்.

நான் ஜோகன்னஸ்பர்க்குக்கும் எங்கள் ஊருக்கும் வேன் ஓட்டுகிறவன். என் பெயர் மவுசோ. இந்தச் சாவடியில் நின்றே எனக்குக் கால் வீங்கியிருக்கிறது. நின்று என்று ஏன் சொல்கிறேன் என்றால், உள்ளே சுவர் ஓரமாக நீளமாக ஒரு பெஞ்சு கிடந்தும் அதில் யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பிள்ளைத்தாய்ச்சிகள் கூட அதன் பக்கத்தில் போய், கொஞ்சம் தயங்கி, திரும்பி வந்து வரிசையில் நின்றுகொள்வார்கள். ஏன் என்று நானும் யோசித்ததில்லை. அரசாங்கப் பெஞ்சு, ஆணி கீணி நீட்டிக்கொண்டிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அன்று ஜோகன்னஸ்பர்க்கில் வண்டி கிளம்புகிற நேரத்தில் மன்கோபா மசியா வந்து ஏறினான். கரும்புத் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சுகிறவன். கையில் போர்வையால் சுற்றிய காட்டு இலந்தைக் கிளை. என்னிடம் இரண்டு பேருக்கான கட்டணத்தை நீட்டினான். ஆனால் பேசியது என்னோடு இல்லை.

"பாபே, இதுதான் வேன். ஓட்டுறவரு கொஞ்சம் சிடுமூஞ்சி மாதிரி தெரியுது, ஆனா வண்டி பரவால்ல. நீங்க ஜன்னல் பக்கம் உட்காருங்க."

பெற்ற தகப்பனும் எங்களுக்கு பாபே, வயதில் மூத்த எந்த ஆணும் பாபே; மூத்த பெண் மாகே. அவன் பேசியது தகப்பனோடு. வெளியூரில் செத்தவரின் உடம்பைப் பெட்டியில் அனுப்பி விடலாம், ஆளை இலந்தைக் கிளையோடு போய்த்தான் அழைத்து வர வேண்டும். வீடு போய்ச் சேரும்வரை கிளை சுமப்பவன் வேறு யாரோடும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. ஒவ்வொரு திருப்பத்தையும் செத்தவருக்குச் சொல்லிக்கொண்டே வர வேண்டும், இல்லாவிட்டால் அவர் வழி தவறிவிடுவார். இந்தச் சாலையில் ஓட்டும் எல்லோருக்கும் இது தெரியும்.

போர்வை வியாபாரம் செய்யும் மாகே ஸ்வானேவுக்கும் தெரியும். ஆனாலும் அவள் தன் மூட்டையைக் காலி இருக்கையில் வைக்கப் பார்த்தாள்.

"மாகே, அங்க ஆள் இருக்கு," என்றேன்.

"ஒல்லியான ஆளுதானே, கொஞ்சம் நகர்ந்துக்க மாட்டாரா?" என்றாள். பிறகு கிளையைப் பார்த்து, "மன்னிச்சுக்கங்க பாபே, வாய் சும்மா இருக்காது எனக்கு," என்று மூட்டையை மடியில் வைத்துக்கொண்டாள்.

வழியெல்லாம் அவன் பேசிக்கொண்டே வந்தான், நாங்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டே வந்தோம். தகப்பன் வேலாபி மசியா தங்கச் சுரங்கத்தில் பாறை விழுந்து செத்தவர். கம்பெனிப் பெட்டியில் உடம்பு வந்தது, புதைத்தார்கள். அவர் வரவில்லை. கனவில் சொட்டச் சொட்ட நனைந்து நின்று, மேலே போகிற லிஃப்ட் எங்கே என்று மகனைக் கேட்டார். சுரங்கத்தை இப்போது மூடிவிட்டார்கள், உள்ளே தண்ணீர் ஏறிவிட்டது, லிஃப்ட் கோபுரத்தைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள்.

"அம்மாவுக்கு முடியல, பாபே. ஆஸ்பத்திரியில வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு சொல்லிட்டாங்க. நீங்க வரலாம்னு இன்னிக்கு வரைக்கும் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டதில்ல அது. பாம்பு வந்துச்சு, திருடன் வந்தான், அப்பவும் போடல. நீங்க வந்து சேராம கண்ண மூட மாட்டேன்னு சொல்லுது. ஆனா உடம்பு கேக்க மாட்டேங்குது. அதான் அவசரமா வந்தேன்."

நான் வேகத்தைக் கொஞ்சம் கூட்டினேன்.

ஐந்து மணிக்கு ம்லாம்போ வந்து சேர்ந்தோம். ஆறுக்கு அடைப்பார்கள். கவுண்டரில் சிமெலானே இருந்தார். இஸ்திரி மடிப்பு கலையாத சட்டை, பையில் மூன்று பேனா, மூன்றும் மூன்று நிறம்.

"வேன்ல எத்தனை பேர்?"

"உயிரோட பதினாலு பேர் சார்," என்றேன். வாய் தவறி வந்துவிட்டது. அங்கே பிடித்தது சனி.

"உயிரோடன்னா? மிச்சம்?"

"ஒருத்தர் இருக்கார் சார். அப்பாவைக் கூட்டிட்டு வராங்க." மன்கோபாவின் கையில் இருந்த கிளையைக் காட்டினேன்.

சிமெலானே எங்கள் ஆள்தான். அவருக்கு இது தெரியாமல் இருக்க முடியாது. ஆனால் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்ததும் மனிதர்களுக்குச் சில விஷயங்கள் மறந்துவிடுகின்றன.

"பாஸ்போர்ட்?"

மன்கோபா கிளையிடம் குனிந்தான். "பாபே, எல்லைக்கு வந்துட்டோம். இவர் அதிகாரி. உங்க பாஸ்போர்ட்டைக் கேக்குறார். பெட்டியோட வந்தது என்கிட்டதான் இருக்கு, குடுக்கிறேன்."

சிமெலானே அதை வாங்கிப் புரட்டினார், கணினியில் தட்டினார், திரையை என் பக்கம் திருப்பினார்.

"இந்தப் பேர்ல நாடே இல்லையே."

"இதே நாடுதான் சார் அது. பேரு மாறிடுச்சு."

"மாறினது எனக்குத் தெரியும். இவர் ஏன் மாத்திக்கல?"

"அதுக்கு முன்னாடியே செத்துட்டார் சார்."

"எல்லாருக்கும் அவகாசம் குடுத்தாங்க, மவுசோ. வானொலியில திரும்பத் திரும்பச் சொன்னாங்க."

மன்கோபா கிளையைத் தடவினான். "பாபே, உங்க சுரங்கத்துக்குள்ள வானொலி எடுக்காதுன்னு இவருக்கு யாராவது சொன்னா நல்லாருக்கும்."

சிமெலானேவின் காது சிவந்தது. தன்னைப் பற்றித் தன் எதிரிலேயே மூன்றாம் ஆளிடம் பேசுவது எந்த அதிகாரிக்குத்தான் பிடிக்கும்? "சரி. முதல்ல இது ஆளா, சரக்கா? ஆள்னா பாஸ்போர்ட் செல்லாது. சரக்குன்னா தீர்வை கட்டணும். புதுசா, பயன்படுத்தினதா?"

"பயன்படுத்தினதுதான்," என்றாள் பின்னாலிருந்து மாகே ஸ்வானே. "நல்லாவே பயன்படுத்திட்டாங்க. மிச்சம் ஒண்ணும் வைக்கல."

அதற்குள் தாவரப் பாதுகாப்பு அதிகாரி ஷாங்வே அம்மாள், கையுறையும் பூதக்கண்ணாடியுமாக வந்துவிட்டார். கிளையைத் தொடாமல் சுற்றி வந்தார். "முள் இருக்கு. இலை இருக்கு. வெளிநாட்டுத் தாவரம்."

"நம்ம ஊர் வேலி பூரா இந்த மரம்தானே அம்மா," என்றேன்.

"அது உள்நாட்டு முள்."

"இதுவும் உள்நாட்டு முள்தான். இவர் வீட்டு வாசல்ல வெட்டித்தான் எடுத்துட்டுப் போனார். இப்ப திரும்பிக் கொண்டு வரார்."

"அப்ப போகும்போது ஏற்றுமதி அனுமதி வாங்கினீங்களா?" என்றார் அவர், மிகவும் வருத்தமாக. "வாங்காம வெளிய போன செடிக்குத் திரும்பி வர வழி கிடையாது. சட்டத்துல அப்படி ஒரு செடியே இல்ல. இல்லாத செடியை எரிச்சுடணும்." கொல்லைப்புறத்தில் எரிப்பதற்கு ஓர் அடுப்பு இருக்கிறது. அதற்குக் கொண்டுபோகத் தட்டு எடுத்துவரப் போனார்.

மன்கோபா கிளையை மார்போடு அணைத்துக்கொண்டான். "பயப்படாதீங்க பாபே. இவங்க எல்லாம் நம்ம ஜனம்தான். கொஞ்சம் நேரம் எடுக்கும், அவ்வளவுதான். நான் பிடிச்சிருக்கேன். விட மாட்டேன்." இதையே திரும்பத் திரும்பச் சொன்னான். வரிசையில் இருந்தவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். சிமெலானேவுக்குப் பொறுமை போய்விட்டது. பாஸ்போர்ட்டைப் பார்த்து, கவுண்டர் குரலில், நேராகக் கிளையிடமே சொன்னார்:

"வேலாபி மசியா. போய் அந்த பெஞ்சுல உட்காருங்க. கூப்பிடுறப்ப வந்தா போதும்."

மன்கோபா கையிலிருந்த கிளையைத் தூக்கிப் பார்த்தான். முன்பு இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டிருந்ததை இப்போது இரண்டு விரலால் பிடிக்க முடிந்தது. அது வெறும் கிளை. பெஞ்சில், நடுவாக்கில், ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு மரம் ஈரமாகிக்கொண்டிருந்தது. ஈரப் பாறையின் வாடை வந்தது.

மன்கோபா பெஞ்சின் முன்னால் போய், கிளையைத் தரையில் வைத்துவிட்டு முழங்காலிட்டான். பேச வேறு ஆளில்லையே அவனுக்கு.

கூட்டம் நகராததால் வெளியே லாரிகள் ஹாரன் அடித்தன. தலைமை அதிகாரி குனேனே அறையை விட்டு வந்தார். நல்ல ஆகிருதி. கோட்டின் மேல் பாசிமணி மாலை. விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமினார். கூட்டத்தைக் கண்டால் அவருக்குப் பேச்சு தானாக வரும்.

"நான் பண்பாட்டுக்கு எதிரி கிடையாது. என் தாத்தாவையும் இப்படித்தான் கூட்டிட்டு வந்தாங்க. ஆனா எல்லைன்னா என்னன்னு தெரிஞ்சுக்கணும். நம்ம பெரியவங்க படிக்கத் தெரியாம காகிதத்துல கைநாட்டு வெச்சாங்க. ஒருத்தன் மேய்ச்சலை வாங்கினான், ஒருத்தன் கனிமத்தை வாங்கினான், மிச்சம் இருந்ததை ஒருத்தன் வாங்கினான். அப்புறம் வெள்ளைக்காரன் சங்கிலி போட்டு அளந்து கல்லு நட்டான். நம்ம ஜனத்துல பாதிக்கு மேல அந்தப் பக்கம் போயிடுச்சு. பெரிய அநியாயம். அந்த அநியாயத்தை, ஒரு நாள் கூட விடாம, காலைல ஏழுலேருந்து சாயந்திரம் ஆறு வரைக்கும் பொறுப்பாக் காப்பாத்திட்டு வர்றது இந்த அலுவலகம்."

ஷாங்வே அம்மாள் கைதட்டினார். தட்டு அவர் கக்கத்தில் இருந்தது.

"இன்னொண்ணு. கரும்பு விலை ஏறும், இறங்கும். சுரங்கத்துக்கு ஆள் எடுக்கிறது நின்னு போச்சு. தவறாம வர்றது பக்கத்து நாடுங்களோட பிரிச்சுக்கிற சுங்க வரிப் பங்கு மட்டும்தான். அதுலதான் என் சம்பளம், வாத்தியார் சம்பளம், நர்ஸ் சம்பளம். எல்லை நமக்குச் செஞ்ச கெடுதலுக்கு எல்லையேதான் சோறு போடுது. அதனால அதை மதிக்கணும்." கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஆனாலும் மனிதாபிமானம்னு ஒண்ணு இருக்கு. இதை மலர்வளையம்னு எழுதிக்குங்க. துக்க வீட்டுப் பொருளுக்குத் தீர்வை இல்ல, எரிக்கவும் வேணாம். கிளையை எடுத்துட்டுப் போகலாம்."

எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஆனால் மன்கோபா எழுந்திருக்கவில்லை.

"கிளை ஆச்சு சார். ஆளு பெஞ்சுல இருக்காரே," என்றேன்.

"பெஞ்சுல யாரும் இல்ல."

"அப்ப நீங்க கொஞ்சம் உட்காருங்களேன், நின்னுட்டே பேசுறீங்க," என்றாள் மாகே ஸ்வானே.

குனேனே பெஞ்சைப் பார்த்தார். ஈரத்தையும் பார்த்தார். "எனக்கு நேரமில்ல. சிமெலானே, நீங்க உட்கார்ந்து காட்டுங்க."

சிமெலானே தன் பேனாக்களை நிறவாரியாக அடுக்கத் தொடங்கினார்.

மன்கோபா பெஞ்சிடம் பேசிக்கொண்டிருந்தான். "நீங்க எழுந்திருக்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும் பாபே. மேலதிகாரி உட்காருன்னா உட்காருவீங்க, இறங்குன்னா இறங்குவீங்க. அன்னிக்குப் பாறை முனகுற சத்தம் கேட்டு எல்லாரும் ஓடினப்ப, அவர் சொல்லாம நகரக் கூடாதுன்னு நின்ன ஒரே ஆளு நீங்கதானாம். கூட இருந்தவர் வந்து அம்மாகிட்ட சொன்னார். இப்பவும் அப்படியே உட்கார்ந்திருக்கீங்க. அம்மா அங்க இழுத்துக்கிட்டுக் கிடக்குது பாபே."

"அவரைக் கூப்பிட்டு அனுப்பிடுங்க சார். ஒரு வார்த்தைதானே," என்றேன் சிமெலானேவிடம்.

"கூப்பிட்டா கவுண்டருக்கு வந்ததா ஆயிடும். வந்தவரை உள்ள விட்டா, இல்லாத நாட்டு ஆளை விட்டதா ஆயிடும்." அவர் சொன்னது கோபமாக இல்லை. யாராவது வேறு வழி சொல்ல மாட்டார்களா என்பது போல இருந்தது.

அப்போது காவலாளி ஒலிபெருக்கியின் மைக்கைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தான். ஆறு ஆகப் போகிறது. ம்லாம்போவில் தினமும் அடைக்கும் நேரத்தில் ஓர் அறிவிப்பு உண்டு. சிமெலானேதான் படிப்பார். அலுவலக நேரம் முடிந்தது, காத்திருப்போர் அனைவரும் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிச் சென்று நாளை வரவும். எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், அந்த நேரத்தில் டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

முதலில் உறைத்தது மாகே ஸ்வானேவுக்கு. "அதைப் படிச்சா அவர் மறுபடி சுரங்கத்துக்குப் போயிடுவாரே. கோபுரத்தையும் வித்துட்டாங்களாம். அப்புறம் எப்படி ஏறி வருவார்?"

"அறிவிப்பை மாத்த எனக்கு அதிகாரம் இல்ல. அமைச்சகம் எழுதிக் குடுத்தது," என்றார் குனேனே. கார் சாவியை எடுத்தார். "ஆறு மணிக்கு மேலன்னா நானே கூட வந்து கூப்பிட்டிருப்பேன், பண்பாட்டு முறைப்படி." போய்விட்டார். ஷாங்வே அம்மாள் தட்டைக் கழுவப் போனார்.

மன்கோபா பெஞ்சைப் பார்த்து, "காதைப் பொத்திக்குங்க பாபே," என்றான். குழந்தையிடம் சொல்வது போலச் சொன்னான்.

சிமெலானே கண்ணாடித் தடுப்பின் ஓட்டை வழியாக என்னைக் கூப்பிட்டார். "மவுசோ. இதுக்கு முன்னாடியும் கிளையோட வந்திருக்காங்க. நிறைய பேர். அவங்களையும் நான் உட்காரச் சொல்லியிருக்கேன்."

"தெரியும் சார்."

"அவங்க எல்லாம் கடைசியில கிளையை எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"கிளையை எடுத்துட்டுப் போனாங்க சார்."

அவர் பெஞ்சைப் பார்த்தார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். "தினமும் சாயந்திரம் நான் திருப்பி அனுப்பியிருக்கேன்."

"காலைல வந்திருப்பாங்க. நாளை வரவும்னுதானே சொல்றீங்க."

சிமெலானே மைக்கை முடுக்கினார். கரகரவென்று சத்தம் வெளியே மலையில் பட்டுத் திரும்பியது. "அலுவலக நேரம் முடிந்தது," என்றார் வழக்கமான குரலில். "காத்திருப்போர் அனைவரும்." அதற்கு மேல் வரவில்லை. மைக்கில் அவர் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு பேசியது கவுண்டர் குரல் இல்லை, வீட்டுக் குரல்.

"காத்திருக்கிறவங்க எல்லாரும் எழுந்திருங்க, பாபே. காகிதம் எதுவும் வேணாம். மன்னிச்சுடுங்க. வெளிய மவுசோ வேன் நிக்குது. வீட்டுக்குப் போங்க."

பெஞ்சு கிரீச்சிட்டது. முதலில் நடுவில். பிறகு இந்தக் கோடியில், பிறகு அந்தக் கோடியில், பிறகு வரிசையாக. வரிசையில் நின்ற அத்தனை பேரும் விலகி, வாசல்வரை வழி விட்டோம். மன்கோபா கிளையை எடுக்கக் குனிந்தான். அவனால் தனியாகத் தூக்க முடியவில்லை, நானும் ஒரு பக்கம் பிடித்தேன். குளிர்ந்த காற்று ஒன்று முழங்கால் உயரத்தில் எங்களைக் கடந்து போனது.

அறிவிப்பைத் திரித்துப் படித்ததற்காகப் பின்னால் சிமெலானேவிடம் விளக்கம் கேட்டார்கள். தான் அப்போது கடமையிலேயே இல்லை என்று குனேனே எழுதிக் கொடுத்தார். அதெல்லாம் பிறகு.

வேன் சக்கரம்வரை தாழ்ந்து நின்றது. என் வண்டியை எனக்குத் தெரியும், அது பதினாலு பேரின் கனம் இல்லை. மாகே ஸ்வானே ஏறினாள், தன் இருக்கையைப் பார்த்தாள், உட்காரவில்லை. "பெரியவங்க நிக்கிறப்ப நான் எப்படி உட்கார்றது," என்று மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு கம்பியைப் பிடித்தாள். மற்ற பயணிகளும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். சாவியைத் திருப்பப் போனபோது ஜன்னலில் சிமெலானே நின்றார்.

"மங்காயனே வழியாத்தானே போவீங்க?"

"ஆமா சார்."

"பெட்ரோல் பங்க் தாண்டி ஒரு ஒத்தையடிப் பாதை போகும். அங்க கொஞ்சம் நிறுத்துங்க." சற்று நின்று, "எங்கப்பாவும் சுரங்கத்துக்குப் போனவர்தான். செத்தார்னு தகவல் வரல. அதனால நாங்க யாரும் போய்க் கூப்பிடல. தானாவே வந்து உட்கார்ந்திருந்தாலும் உட்கார்ந்திருப்பார்," என்றார். தடுப்புக் கம்பத்தை அவரே தூக்கிவிட்டார்.

முதல் கியரில் மலை இறங்கினேன். மன்கோபா சொல்லிச் சொல்லிக் களைத்தபோது நானே சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தேன். பாபேமாரே, இது பைன் காடு. நீங்க போறப்ப இது இல்ல. இது புதுப் பாலம். எப்போதும் சீக்கிரம் போ என்று கழுத்தை அறுக்கும் பயணிகள் அன்று கம்பியைப் பிடித்து நின்றபடியே வந்தார்கள். மங்காயனேயில் ஒற்றையடிப் பாதை முனையில் நிறுத்திக் கதவைத் திறந்தேன். வேன் ஒரு பக்கம் மெல்ல உயர்ந்தது. அங்கே எண்ணெயில் பொரித்த மாவு உருண்டை விற்றுக்கொண்டிருந்த பெண் தோள்துணியை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அதற்குப் பிறகு எங்கே நிறுத்துவது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கால் தானாக பிரேக்குக்குப் போயிற்று. ஒவ்வொரு கிளைச்சாலையிலும் வண்டி கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது.

இருட்டுகிற நேரத்தில் சிபோபனேனி தாண்டிக் கரும்புக்குள் நுழைந்தோம். மசியா வீட்டு முற்றத்தில் அக்கம்பக்கத்தார் பேசாமல் நின்றிருந்தார்கள். அவர்கள் நின்ற விதத்தைப் பார்த்து, பிந்திவிட்டோமோ என்று நினைத்தேன். மன்கோபாவும் பார்த்துவிட்டான்.

"பாபே, வீடு வந்துடுச்சு. இதுதான் வாசல். நீங்க வெச்ச படிதான், மாத்தல," என்றான். திறந்து கிடந்த கதவு வழியாகக் கிளையோடு உள்ளே போனான்.

வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஒரு கிழவியின் குரல், மிக மெல்லியதாக, ஆனால் வைகிற மாதிரி: "நனைஞ்சு வந்திருக்கார் பாரு. அடுப்பை ஊது."

நான் வேனில் சாய்ந்து நின்றேன். மன்கோபா வெளியே வந்து, பகல் முழுவதும் எங்கள் யாரோடும் பேசாதவன், என்னிடம் முதல் வார்த்தை பேசினான்.

"அம்மா எல்லாரையும் போகச் சொல்லுது, மவுசோ அண்ணே. கதவைச் சாத்தணுமாம்."

கதவு சாத்திக்கொண்டது. எத்தனையோ வருடம் அசையாமல் துருவேறிக் கிடந்த தாழ்ப்பாள் எளிதில் நகரவில்லை. உள்ளே அவள் கல்லால் தட்டுகிற சத்தம் கேட்டது, நிற்கும், மூச்சு வாங்கும், மறுபடி தட்டும். உதவிக்குப் போன மன்கோபாவை வேண்டாம் என்றாள். கடைசியில் தாழ்ப்பாள் கொண்டியில் போய் விழுந்தது.